துவிச்சக்கரவண்டியும் பிராணவாயுவும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலையை நோக்கி மிதித்தேறும் மாணவனை முதலில் நிறுத்துவது காலா, மூச்சா? மூச்சே என்பர் பலர். உண்மையில், உடல்நலமுள்ள ஒருவனுக்கு நுரையீரல் பெரும்பாலும் தடையாவதில்லை. இருதயம் தசைகளுக்குக் குருதியை அனுப்பும் ஆற்றலே எல்லையாகின்றது. ஆகவே, ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவே நெடுநேர உழைப்பிற்குரிய முதன்மையான அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வெல்லையை 1923ஆம் ஆண்டில் ஏ. வி. ஹில் என்பாரும் அவருடன் உழைத்த லப்டனும் எடுத்துக்காட்டினர்.

ஆய்வுகூடத்தில் வெளிமூச்சைப் பகுத்தாய்ந்து இதனை நேரே அளப்பர். அவ்வசதி இல்லாதவர்க்கு 1954இல் சுவீடன் நாட்டு ஒஸ்ட்ரான்ட், றீமிங் என்னும் இருவர் எளிய வழியொன்று வகுத்தனர். நிலையாகப் பொருத்திய வண்டியை மாறா வேலையளவில் சுமார் ஆறு நிமிடம் மிதிக்கச் செய்து, நாடித்துடிப்பை எண்ணி, உச்ச அளவை வரைபடமொன்றில் மதிப்பிடுவதே அம்முறை. ஆனால் தம்புள்ளை நண்பகல் வெயிலில் இச்சோதனையை நடத்துவோமாயின், உடலைக் குளிர்விக்கக் குருதி தோலுக்குப் பாய, அதே வேலைக்கு இருதயம் மிகுதியாகத் துடிக்கும். வல்லவனும் வலிமையற்றவனாகக் கணிக்கப்படுவான். வைகறையில் மாத்தளையில் சோதிக்கப்பட்டவனோடு அவனை ஒப்பிட்டு அணியிலிருந்து நீக்குவது எவ்வளவு அநீதி!

மலைப்பாதையே நமக்கு மற்றோர் ஆய்வுகூடமாகலாம். 60 கிலோகிராம் நிறையுள்ள மாணவன் 15 கிலோகிராம் வண்டியுடன் 300 மீற்றர் உயரத்தை 25 நிமிடத்தில் ஏறினான் என்க. புவியீர்ப்புக்கு எதிராக அவன் செய்த வேலை 2,20,500 யூல். வலு 147 உவாற்று. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே மிதிகட்டையைச் சேரும், எஞ்சியது வெப்பமாகும். எனவே நிமிடத்துக்குச் செலவான ஆற்றல் 44,100 யூல். ஒரு லீற்றர் ஒட்சிசன் ஏறக்குறைய 21,000 யூல் தருமாதலின், அவன் பயன்படுத்தியது 2.1 லீற்றர், அதாவது நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 35 மில்லிலீற்றர். காற்றுத்தடையையும் சில்லுகளின் உராய்வையும் இங்கே விட்டுவிட்டோம். மேலும், இது அவன் 25 நிமிடம் தாங்கிய அளவேயன்றி உச்ச அளவன்று.

நிறையால் வகுக்கும் இம்முறையில் ஒரு பொறியும் உண்டு. பட்டினி கிடந்து மெலிந்தாலும் எண் உயரும்! வளரும் பருவத்தினர் அவ்வழியை நாடுதல் பெருந்தீங்கு. அன்றியும், ஒரே உச்ச அளவுடைய இருவருள், அதன் பெரும்பங்கை ஒரு மணிநேரம் தாங்கவல்லவனே முந்துவான். உச்ச அளவு உயராது நின்ற பின்னரும் இத்தாங்குதிறன் பயிற்சியால் வளர்வதுண்டு.

ஆதலால் அதே ஏற்றத்தை, அதே வண்டியில், அதே காலை வேளையில் சில வாரங்களுக்கொருமுறை ஏறி, நேரத்தையும் நாடியையும் குறித்துவருதல் நன்று. மிதிக்கும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ கண்டவனை, மருத்துவர் பார்க்கும்வரை இச்சோதனைக்கு உட்படுத்தலாகாது.