மருந்துக்கு முகவரி ஒட்டும் விஞ்ஞானி... யார் இந்த ட்ரூ வெய்ஸ்மேன்?

தலைவலிக்கு ஒரு மாத்திரை போடுகிறோம். அது தலைக்கு மட்டுமா போகிறது? ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றுகிறது. தலைவலி மாத்திரை என்றால் பரவாயில்லை. கீமோதெரபி மருந்து இப்படிச் சுற்றும்போதுதான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வாந்தி வாட்டி எடுக்கிறது. தேவையான செல்லுக்கு மட்டும் மருந்தை அனுப்ப முடிந்தால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அதற்காக உழைப்பவர்களில் முக்கியமானவர் ட்ரூ வெய்ஸ்மேன். நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர். 2023-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை கேத்தலின் கரிகோவுடன் பகிர்ந்துகொண்டவர்.

ஜெராக்ஸ் மெஷின் நட்பு

1997-ல் வெய்ஸ்மேன் அங்கு வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் கவனமெல்லாம் டெண்ட்ரிட்டிக் செல்கள் மீதுதான். இவை உடலின் வாட்ச்மேன்கள். புதிதாக எது நுழைந்தாலும் பிடித்து, மற்ற நோய் எதிர்ப்பு செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும். இவற்றை வைத்து ஹெச்.ஐ.வி-க்குத் தடுப்பூசி கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆய்வுக் கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில்தான் கரிகோ அறிமுகமானார். ஹங்கேரியிலிருந்து வந்தவர். 'இந்தப் புரதத்தைத் தயார் செய்' என்று செல்லுக்குச் சொல்லும் துண்டுச்சீட்டுதான் எம்.ஆர்.என்.ஏ. அதையே மருந்தாக்கலாம் என்று நம்பி, நிதி கிடைக்காமல் பதவி இறக்கத்தையும் சந்தித்திருந்தார்.

இருவரும் சேர்ந்து, ஆய்வகத்தில் தயாரித்த எம்.ஆர்.என்.ஏ-வை டெண்ட்ரிட்டிக் செல்களிடம் கொடுத்தார்கள். வாட்ச்மேன்கள் 'வைரஸ் வந்துவிட்டது' என அலாரம் அடித்துவிட்டன. ஆனால், உடலில் இயற்கையாக உள்ள சில ஆர்.என்.ஏ-க்களுக்கு இந்தக் கோபம் வரவில்லை. காரணம், அவற்றின் 'எழுத்து'களில் இருந்த சின்னச் சின்ன வேதியியல் மாற்றங்கள். யூரிடின் என்ற எழுத்தை சூடோயூரிடினாக மாற்றியதும் அலாரம் அடங்கியது. 2005-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பை அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

கொழுப்பு உறை

அடுத்த சிக்கல்... எம்.ஆர்.என்.ஏ-வை அப்படியே ஊசியில் போட்டால், உடலில் உள்ள நொதிகள் நிமிடங்களில் சிதைத்துவிடும். கனடாவின் பீட்டர் கல்லிஸ் உள்ளிட்டோர் வளர்த்தெடுத்த கொழுப்பு நானோ துகள் இங்கே கைகொடுத்தது. தலைமுடியின் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இதன் அளவு. செல் இதை விழுங்கியதும், உள்ளே இருக்கும் அமிலத்தன்மையில் உறை உடைந்து சீட்டு வெளியே வரும். 2020-ல் வந்த ஃபைசர், மாடர்னா கொரோனா தடுப்பூசிகள் இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் சேர்ந்தவை. நம் ஊரில் பெரும்பாலானோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் வேறு வகை.

கல்லீரலைத் தாண்டி...

இந்தத் துகளை ரத்தத்தில் செலுத்தினால் பெரும்பகுதி கல்லீரலுக்கே போய்விடும். உணவிலிருந்து வரும் கொழுப்பைப் போலவே நினைத்து கல்லீரல் இழுத்துக்கொள்கிறது. வேறு இடத்துக்கு அனுப்ப முகவரி வேண்டும். குறிப்பிட்ட செல்லை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் துகளின் மேல் ஒட்டுவதுதான் அந்த முகவரி.

2022-ல் வெய்ஸ்மேன் இடம்பெற்ற பென்சில்வேனியா குழு, டி செல்களுக்கு முகவரி ஒட்டிய துகள்களை, இதயத்தில் தழும்பு ஏற்பட்ட எலிகளுக்குச் செலுத்தியது. உடலுக்குள்ளேயே டி செல்கள் தழும்பு உண்டாக்கும் செல்களைத் தாக்கக் கற்றுக்கொண்டன. தழும்பு குறைந்தது, இதயத்தின் செயல்பாடு மேம்பட்டது.

இதில் என்ன விசேஷம்? இப்போது சில ரத்தப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் 'கார் டி செல்' சிகிச்சையில், நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் மாற்றி, பெருக்கி, மீண்டும் ஏற்றுகிறார்கள். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் செலவு கோடிகளில். 2023-ல் அனுமதி பெற்ற இந்தியத் தயாரிப்பான நெக்ஸ்கார்19-க்கும் பல லட்சங்கள் ஆகும். அந்த ஆய்வக வேலையை ஓர் ஊசி செய்துவிட்டால், சாதாரணக் குடும்பங்களுக்கும் இந்தச் சிகிச்சை எட்டும் தூரத்துக்கு வரலாம்.

இன்னொரு வசதி, எம்.ஆர்.என்.ஏ சில நாள்களில் கரைந்துவிடும். அதனால், டி செல்களில் செய்த மாற்றமும் நிரந்தரமாகத் தங்காது.

எலியிடம் பலித்ததெல்லாம் மனிதரிடம் பலிப்பதில்லை. மனிதப் பரிசோதனைகள் இன்னும் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கின்றன. எனவே, நோயாளிகள் இதற்காகக் காத்திருந்து கையிலிருக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. 2005-ல் கவனிக்கப்படாத ஓர் ஆய்வு, கோடிக்கணக்கானவர்களின் கைகளில் ஊசியாக இறங்க 15 வருடங்கள் ஆயின. முகவரி ஒட்டிய மருந்துக்கும் கொஞ்சம் பொறுமை தேவைதான்!