'கமரா' அரபுச் சொல்தானா?

மீலாத் விழாக் காலம் நெருங்கினால் நம் தாய்மாருக்கு ஒரு வேலை கூடிவிடும். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைக்குப் பேச்சை எழுதிக் கொடுக்க வேண்டும். "விஞ்ஞானத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு" என்று தலைப்புக் கிடைத்துவிட்டால், அதில் ஒரு செய்தி பெரும்பாலும் இடம்பெற்றுவிடும். கமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்பதும், 'கமரா' என்ற பெயரே இருட்டறையைக் குறிக்கும் 'கும்ரா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதுமே அச்செய்தி.

மேடைகளில் கேட்டோம். துண்டுப் பிரசுரங்களில் படித்தோம். இன்று அதே செய்தி கைத்தொலைபேசி வழியாக வீடு வீடாகச் சுற்றி வருகின்றது. கேட்கும்போது உள்ளம் பூரிக்கத்தான் செய்கின்றது. ஆனால் பூரிப்பைத் தரும் செய்தியெல்லாம் உண்மையாகிவிடாது. இதிலே இரண்டு கூற்றுகள் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கின்றன. ஒன்று ஒரு மனிதரைப் பற்றியது. மற்றது ஒரு சொல்லைப் பற்றியது. மனிதரைப் பற்றிய கூற்றில் பெரும் உண்மை உண்டு. சொல்லைப் பற்றிய கூற்றோ பிழையானது. முதலில் சொல்லைப் பார்ப்போம்.

சொல் பிறந்த இடம்

பண்டைய கிரேக்க மொழியில் 'கமாரா' என்றால் வில்லைப் போல வளைந்த முகடு. உரோமர்கள் அதைத் தம் இலத்தீன் மொழிக்கு எடுத்து 'கமெரா' என்றார்கள். முதலில் வளைந்த கூரையைக் குறித்த சொல், பின்னர் அக்கூரையின் கீழ் அமைந்த அறையைக் குறித்தது. காலப்போக்கில் எந்த அறையாக இருந்தாலும் அது 'கமெரா' ஆயிற்று. அந்த ஒரு சொல்லே பிரெஞ்சில் 'ஷாம்பர்' என்றும், ஆங்கிலத்தில் 'சேம்பர்' என்றும், ஜேர்மனில் 'கமர்' என்றும், போர்த்துக்கீசில் 'காமரா' என்றும் உருமாறியது.

அறை என்ற பொருளை வைத்துக்கொண்டு இச்சொல் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு மூடிய கதவுக்குள் நடக்கும் வழக்கு விசாரணையைச் சட்டத்தரணிகள் 'இன் கமரா' என்பார்கள். அங்கே படம்பிடிக்கும் கருவி வைத்திருக்கிறார்கள் என்பதல்ல அதன் பொருள்; 'அறைக்குள்ளே' என்பதுதான். இத்தாலியப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபைக்கும் 'கமெரா' என்றே பெயர். ஒக்ஸ்போர்ட் நகரில் 'ரட்க்ளிஃப் கமரா' என்று ஒரு கட்டடம் உண்டு. பெயரைக் கேட்டு அங்கே படக்கருவியைத் தேடினால் கிடைக்காது. அது 1749 இல் திறக்கப்பட்ட, குவிமாடத்துடன் கூடிய ஒரு வாசிகசாலை.

தோழர் என்பதற்கு ஆங்கிலத்தில் 'கொம்ரேட்' என்கிறார்களே, அதுவும் இக்குடும்பத்துப் பிள்ளைதான். ஒரே அறையில் தங்கியிருக்கும் படைவீரர்களைக் குறித்த ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது அது. இன்னும் வியப்பு வேண்டுமா? நம் கண்ணுக்குள்ளே, கருவிழியின் முன்புறத்தில், தெளிந்த நீர் நிறைந்த ஒரு சிறு இடம் இருக்கிறது. மருத்துவர்களின் இலத்தீனில் அதற்கும் 'கமெரா' என்றே பெயர்.

நம் வீட்டிலும் இரண்டு தடவை

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் நாட்டில் தமிழ் பேசுவோர் அறையைக் 'காம்பரா' என்று சொல்வதுண்டு. மலையகத் தோட்டங்களின் 'லயக் காம்பரா' என்ற சொல்லை எல்லோரும் அறிவோம். சிங்களத்தில் அறைக்குக் 'காமரய' என்பார்கள். வட இந்தியாவில் 'கம்ரா' என்பார்கள். இவை எல்லாம் போர்த்துக்கீசர் கொண்டுவந்த 'காமரா'வின் வடிவங்களே. 1505 இல் நம் கரையில் இறங்கிய அவர்கள் மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், குசினி ஆகிய பெயர்களையும் நம் வீடுகளுக்குள் விட்டுச் சென்றார்கள்.

ஆக, காம்பராவுக்குள் இருந்துகொண்டு கமராவைக் கையில் எடுக்கும்போது, ஒரே சொல்லை இரண்டு தடவை உச்சரிக்கிறோம். ஒன்று போர்த்துக்கீசர் வழியாக வந்தது. மற்றது ஆங்கிலேயர் வழியாக வந்தது.

1626 இல் இந்நாட்டு முஸ்லிம்களைத் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து வெளியேற்றியவர்கள் அதே போர்த்துக்கீசர்கள். அப்படியிருந்தும் அவர்களின் சொற்களை நம் வீட்டிலிருந்து யாரும் வெளியேற்றவில்லை. சொல்லுக்குப் பகையும் இல்லை, பெருமையும் இல்லை. அது மனிதரோடு மனிதராகப் பயணம் செய்யும்.

'கும்ரா' என்பது என்ன?

இனி அரபு அகராதியைத் திறப்போம். காஃப், மீம், றா என்ற மூன்று எழுத்துகளைக் கொண்ட வேர்ச்சொல்லில் இருந்துதான் 'கமர்', அதாவது சந்திரன், என்ற சொல் வருகின்றது. நிலாக் காயும் இரவைக் குறிக்கும் சொல்லும் இதே வேரிலிருந்து வருவதுதான். 'கும்ரா' என்பது மங்கலான வெண்ணிறம் ஒன்றைக் குறிக்கும். எமன் நாட்டு வீடுகளில் நிறக்கண்ணாடி பதித்து அமைக்கும் ஒளிச்சாளரத்தை 'கமரிய்யா' என்கிறார்கள். இந்த வேரில் ஒளியும் வெண்மையும் நிறைந்திருக்கின்றன. இருட்டறைக்கு இங்கே இடமில்லை.

அப்படியானால் குழப்பம் எப்படி வந்தது? கப்பலில் பயணிகள் தங்கும் சிற்றறைக்கு இக்கால அரபியில் 'கமரா' என்று ஒரு சொல் உண்டு. ஆனால் அது ஐரோப்பியரின் 'கமெரா' அரபிக்குள் வந்து உடை மாற்றிக்கொண்ட சொல். படம்பிடிக்கும் கருவியையோ அரபிகள் 'ஆலத்துத் தஸ்வீர்' என்கிறார்கள். அல்லது பிறமொழிச் சொல்லாகவே 'காமீரா' என்று எழுதுகிறார்கள். விருந்துக்கு வந்தவரை வீட்டின் மூத்தவர் என்று எண்ணிய கதைதான் இது.

இப்னுல் ஹைதம் செய்தது என்ன?

சொல் நம்முடையதல்ல என்றால் அந்த அறிஞரின் மதிப்புக் குறைந்துவிடுமா? ஒருபோதும் இல்லை. 965 அளவில் பஸராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் காலமான இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' என்ற ஏழு பாகங்களைக் கொண்ட நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று முன்னோர் பலர் நம்பியிருந்தனர். அதை அவர் மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதாலேயே பார்க்கிறோம் என்று வாதிட்டார்.

வாதத்தோடு அவர் நிற்கவில்லை; சோதித்துப் பார்த்தார். ஒரு சிறு துவாரத்துக்கு எதிரே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். துவாரத்தின் மறுபுறத்து இருட்டறையில், விளக்குக்கு ஒன்றாக ஒளிப் பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்ததும் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. திறந்ததும் மீண்டும் வந்தது. பல ஒளிகள் ஒரே துவாரத்தால் நுழைந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, ஒவ்வொன்றும் நேர்கோட்டிலேயே செல்கின்றது என்று இதன் மூலம் காட்டினார். அவர் சோதனை நடத்திய அறைக்கு அரபியில் 'அல்பைத்துல் முழ்லிம்', அதாவது இருண்ட வீடு, என்று பெயர். 'கும்ரா' அல்ல.

கிரகணத்தின் வடிவம் பற்றியும் அவர் தனியாக ஒரு சிறுநூல் எழுதினார். 2019 டிசம்பர் 26 இல் நம் நாட்டில் சூரிய கிரகணம் தென்பட்டது. அன்று மரநிழலில் நின்றவர்கள் இலைகளின் இடைவெளியால் விழுந்த ஒளிப்பொட்டுகள் பிறை வடிவாகியிருந்ததைக் கண்டிருக்கலாம். அது ஏன் நிகழ்கிறது, துவாரத்தின் அளவு மாறினால் என்ன ஆகும் என்பதையே அவர் அந்நூலில் ஆராய்ந்தார்.

அதேவேளை, சிறு துவாரத்தால் உருவம் விழுவதை முதலில் கண்டவர் அவரல்லர். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனத்திலும் கிரேக்கத்திலும் அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். படத்தைத் தாளில் நிலைத்து நிற்கச் செய்தவரும் அவரல்லர். கண்டதை முறையாகச் சோதித்து விளக்கியதே அவருடைய பெரும் பணி.

1200 ஆம் ஆண்டை ஒட்டி அவருடைய நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. 1572 இல் பாஸல் நகரில் அச்சேறியது. அவருடைய நூலைப் பெரிதும் சார்ந்து எழுதிய விட்டெலோ என்ற அறிஞரின் நூலும் அதே தொகுதியில் இடம்பெற்றது. அந்த விட்டெலோவின் நூலுக்குப் பிற்சேர்க்கையாகத் தன் நூலை 1604 இல் எழுதிய ஜேர்மனிய அறிஞர் கெப்ளர்தான், அதில் 'கமெரா ஒப்ஸ்கியூரா' என்ற பெயரை வழங்கினார். இருண்ட அறை என்பது அதன் பொருள். 1839 இல் பிரான்ஸில் டாகர் என்பவரின் படம்பிடிக்கும் முறை வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த இருட்டறை பெட்டியாகச் சுருங்கி மக்கள் கைக்கு வந்தபோது, 'இருண்ட' என்ற பகுதி உதிர்ந்து 'அறை' மட்டும் எஞ்சியது. அதுவே நம் கமரா.

உண்மையான கொடைகள் இருக்க...

பொய்யான பெருமை தேட வேண்டிய வறுமை அரபு மொழிக்கு இல்லை. கிரேக்கர் 'கமாரா' என்று சொன்ன அதே வளைந்த முகட்டை அரபிகள் 'குப்பா' என்றார்கள். 'அல்குப்பா' ஸ்பெயினுக்குப் போய், சுவருக்குள் ஒதுங்கிய சிற்றறையைக் குறிக்கும் 'அல்கோவ்' என்ற ஆங்கிலச் சொல்லாயிற்று. அட்சர கணிதத்தின் ஆங்கிலப் பெயர் 'அல்ஜப்ர்' என்பதிலிருந்து வந்தது. ஒன்றுமில்லை என்பதற்கு நாம் சொல்லும் 'சைபர்' அரபியின் 'ஸிஃப்ர்'. களஞ்சியங்களைக் குறிக்கும் 'மகாஸின்' என்ற அரபுச் சொல்தான் 'மெகசின்' ஆயிற்று. அந்தப் பெயருள்ள ஒன்றைத்தான் சகோதரிகளே, நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே பிள்ளைக்குப் பேச்சு எழுதும்போது இப்படி எழுதிக் கொடுங்கள்: "கமரா என்ற சொல் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கு உரியது. ஆனால் கமரா இயங்கும் அடிப்படையைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்து விளக்கிய முன்னோடி இப்னுல் ஹைதம்." இவ்வளவும் உண்மை. நடுவர் எந்த நூலைப் புரட்டினாலும் பிள்ளை தலை குனிய நேராது. பிழை ஒன்று வெளிப்பட்டுவிட்டால், அதோடு சேர்த்துச் சொன்ன உண்மையையும் கேட்பவர் சந்தேகிப்பார். அதனால் நட்டம் அந்த அறிஞருக்குத்தான்.

அறைகளின் அத்தியாயம்

கமரா என்றால் அறை என்று கண்டோம். அல்குர்ஆனிலும் அறைகளின் பெயரால் ஓர் அத்தியாயம் இருக்கின்றது. அது 49 ஆவது அத்தியாயமான ஸூரத்துல் ஹுஜ்ராத். நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த எளிய அறைகளே அந்த ஹுஜ்ராத். அவ்வறைகளுக்கு வெளியே நின்று உரத்துக் கூப்பிட்டவர்களை அந்த அத்தியாயம் கண்டிக்கின்றது. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ளும்படி கட்டளையிடுவதும் அதுவே. பிறருடைய இரகசியங்களைத் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று தடுப்பதும் அதுவே.

இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசிக்குள் ஒரு கமரா இருக்கின்றது. கல்யாண வீட்டில், பிள்ளை பிறந்த வீட்டில், பெண்கள் மட்டும் கூடியிருக்கும் உள்ளறையில் அது சத்தமில்லாமல் திறந்துகொள்கின்றது. எடுத்தவருக்கு அது விளையாட்டு. படத்தில் அகப்பட்ட சகோதரிக்கோ, யார் யார் பார்த்தார்கள் என்று தெரியாமல் தூக்கமிழக்கும் நாட்கள். பிறர் வீட்டு வாசலில் அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் வந்தது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கதவைத் தட்டாமல் அறைக்குள் நுழைவது எப்படியோ, கேட்காமல் ஒருவரைப் படமெடுப்பதும் அப்படியே. படம் எடுக்குமுன் கேளுங்கள். எடுத்ததை அடுத்தவருக்கு அனுப்புமுன் மறுபடியும் கேளுங்கள்.