ஆய்வகப் பெப்டைடுகள் – 5: சான்றிதழும் சரக்கும்

இணையத்தில் ஆய்வகப் பெப்டைடு விற்கும் நிறுவனங்கள் பலவும் தூய்மை 99 சதவீதம் என்று விளம்பரம் செய்கின்றன. அந்த எண் எதை அளந்து வந்தது, எந்தக் குப்பியை அளந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆவணத்தோடு பதில் வைத்திருப்பவரிடம் மட்டுமே ஓர் ஆய்வகம் வாங்கலாம். விலையும் வாடிக்கையாளர் பாராட்டும் அதற்குப் பிறகுதான்.

பெப்டைடு தயாரிப்பில் இன்று பரவலாக இருப்பது திண்மநிலைத் தொகுப்பு முறை. புரூஸ் மெரிஃபீல்டு 1963-இல் வெளியிட்ட இம்முறைக்காக 1984-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அமினோ அமிலங்கள் இதில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படுகின்றன. ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் வெற்றி பெற்றாலும், 30 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி முடியும்போது சரியாக உருவாகியிருப்பது சுமார் 75 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு, இடையில் ஏதாவது விடுபட்ட குறைச்சங்கிலிகள். அவற்றைக் களைவதற்குத்தான் செலவும் உழைப்பும் அதிகம்; மலிவுச் சரக்கில் முதலில் விட்டுப்போவதும் அந்த வேலைதான்.

களைந்த பிறகு என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டுவது, கலவையைத் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனை. அதன் வரைபடத்தில் கிடை அச்சு நேரம். குத்து அச்சு, பெரும்பாலும் 214 அல்லது 220 நானோமீட்டர் புற ஊதா ஒளி உறிஞ்சப்பட்ட அளவு. முதன்மை முகட்டின் பரப்பு, எல்லா முகடுகளின் மொத்தப் பரப்பில் எத்தனை சதவீதமோ அதுவே ‘தூய்மை’. நல்ல சான்றிதழில் வரைபடத்தோடு சோதனை நாள், கரைப்பான் விகிதம், முகடுவாரியான பரப்புப் பட்டியல் எல்லாம் இருக்கும். முதன்மை முகட்டின் அடிப்பகுதியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும் சிறு மேடு ஒரு குறைச்சங்கிலியாக இருக்கக்கூடும்.

பொருள் எவ்வளவு தூயது என்று சொல்லும் இச்சோதனை, அது எந்தப் பொருள் என்பதை உறுதிசெய்யாது. அதற்கு நிறை நிறமாலைச் சோதனை வேண்டும். நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளுடைடு என்றால் மூலக்கூறு நிறை ஏறத்தாழ 4,113.6 டால்டன் வர வேண்டும். இதற்கும் ஓர் எல்லை உண்டு: லூசினுக்கும் ஐசோலூசினுக்கும் நிறை ஒன்றே என்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுந்தால் மொத்த நிறையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சான்றிதழில் உள்ள தொகுதி எண்ணும் குப்பியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைவிட எளிய சோதனை வேறில்லை. இதையே பலர் செய்வதில்லை. வெவ்வேறு தொகுதி எண்கள் போட்ட இரண்டு சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி அருகருகே வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. இரண்டு உண்மையான சோதனைகளில் அடிக்கோட்டின் சிறு நடுக்கம்கூட அச்சுப் பிசகாமல் ஒத்துவராது. ஒத்துவந்தால், பழைய வரைபடத்தில் எண் மட்டும் மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். வெளி ஆய்வகம் சோதித்தது என்று சொன்னால், அந்த ஆய்வகத்துக்குச் சோதனைத் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் உண்டா, அறிக்கை எண் அவர்கள் பதிவில் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

தூய்மையும் அளவும் வேறுவேறு. தயாரிப்பில் பயன்படும் டிரைஃபுளோரோ அசெட்டிக் அமிலம் உப்பாகப் பெப்டைடோடு தங்கிவிடும். ஈரமும் கொஞ்சம் இருக்கும். இவை எச்.பி.எல்.சி.யின் தூய்மைக் கணக்கில் வருவதில்லை. அதனால் 98 சதவீதத் தூய்மை கொண்ட 10 மில்லிகிராம் தூளில் உண்மையான பெப்டைடு 7 அல்லது 8 மில்லிகிராம் மட்டுமே இருக்கலாம். இதற்கான ‘நிகரப் பெப்டைடு அளவு’ சான்றிதழில் தனியாக இருக்க வேண்டும். செல் வளர்ப்பிலோ விலங்கு ஆய்விலோ பயன்படுத்துவதென்றால் பாக்டீரிய நச்சான எண்டோடாக்சின் அளவும் தேவை. தூய்மைச் சோதனையில் அது தெரியாது.

2024 ஆகஸ்டில் ‘ஜாமா நெட்வொர்க் ஓப்பன்’ இதழில் வந்த ஓர் ஆய்வு தூய்மை, அளவு, எண்டோடாக்சின் மூன்றிலும் உள்ள சிக்கலை ஒரே இடத்தில் காட்டியது. மருந்துச் சீட்டில்லாமல் செமாகுளுடைடு விற்ற ஆறு இணையக் கடைகளில் ஆய்வாளர்கள் வாங்கிப் பார்த்தார்கள். மூன்று கடைகளிலிருந்துதான் சரக்கு வந்தது. மற்ற மூன்றும் சுங்க அனுமதிக்கென்று மேலும் பணம் கேட்டு ஏமாற்றின. வந்த குப்பிகளில் 99 சதவீதம் என்று சொல்லப்பட்ட தூய்மை 15 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மருந்தின் அளவோ குப்பியின் மேல்சீட்டில் போட்டதைவிட 29 முதல் 39 சதவீதம் கூடுதல். எண்டோடாக்சினும் இருந்தது.

அனுப்பும் முறையில் பனிக்கட்டிப் பொதிகளை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. உறையவைத்து உலர்த்திய பெப்டைடுத் தூள் பொதுவாகச் சில நாள் பயணத்தை அறை வெப்பத்திலேயே தாங்கும். அதற்கு ஈரமே பெரிய பகை; இறுக்கமான மூடியும் ஈரம் உறிஞ்சும் பொட்டலமும் முக்கியம். கரைசலாக அனுப்பினால்தான் குளிர் கட்டாயம். மெத்தியோனின், சிஸ்டீன், டிரிப்டோஃபான் கொண்ட பெப்டைடுகள் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதால் அவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சரக்கின் பெயரை மாற்றி எழுதி அனுப்ப முன்வரும் விற்பனையாளரை அப்போதே விலக்கிவிடலாம். சுங்கத் தாளில் பொய் எழுதுபவரின் சோதனைத் தாளை நம்ப இடமில்லை.

வந்த தூளை மைனஸ் 20 டிகிரியில் வைத்து, எடுக்கும்போது அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் காற்றின் ஈரம் உள்ளே படியும். தூள் குப்பியின் கண்ணாடியில் மெல்லிய படலமாக, கண்ணுக்கே தெரியாத அளவில் ஒட்டியிருந்தாலும் அது குறையல்ல; தோற்றத்தை வைத்து அளவைச் சொல்ல முடியாது. மானிடால் என்ற நிரப்புப் பொருளைச் சேர்த்தால் சிறிதளவு பெப்டைடும் வெள்ளைக் கட்டியாக நிறைவாகத் தெரியும்.

‘ஆய்வுக்கு மட்டும்’ என்ற சீட்டோடு வரும் இந்தச் சரக்கு, மேலே சொன்ன சோதனைகள் அத்தனையிலும் தேறினாலும், மனித உடலில் செலுத்தத் தக்கதாகிவிடாது. மருந்துக்குரிய நுண்ணுயிரற்ற தயாரிப்பு விதிகள் அதற்குப் பொருந்துவதில்லை. அந்தச் சீட்டை ஒட்டிக்கொண்டு செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்றவற்றை மனிதப் பயன்பாட்டுக்கு விற்ற நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. ஒரே பக்கத்தில் ‘மனிதருக்கல்ல’ என்ற வரியையும் உடல் எடைக் குறைப்பு பற்றிய பேச்சையும் சேர்த்துப் போடும் விற்பனையாளரிடம் ஆய்வகம் வாங்கவே கூடாது.