உருக்காலையும் உருவமற்ற நஞ்சும்

இரும்பாலை என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது நெருப்பேயாகும். செக்கச் சிவந்து ஓடும் இரும்புக் குழம்பையும், தீப்பொறி சிதறும் உலைவாயையும், தலைக்கு மேல் பாரந்தூக்கியில் ஊர்ந்து செல்லும் பெருங்கொப்பரையையும் கண்டு அஞ்சாதார் இலர். அச்சம் உள்ள இடத்தில் எச்சரிக்கையும் இருக்கும். தீப்புண், விரல் நசுங்குதல், உயரத்திலிருந்து விழுதல் ஆகியவை உருக்காலைகளில் இன்றும் நிகழ்கின்றன. எனினும் அவற்றின் காரணத்தைத் தொழிலாளர் கண்ணாரக் காண்கின்றனர். கண்ணுக்குப் புலப்படாத, மூக்குக்கும் எட்டாத வேறொரு பகை அதே ஆலையின் குழாய்களுக்குள் உலவுகிறது. கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவே அது.

புத்தலப்பட்டு, சித்தூர், திருப்பதி வட்டாரத்து அன்பர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி வழியாகக் காளத்திக்குச் செல்லும் தடத்தில், இராச்சகுன்னேரி என்னுமிடத்தில், ஊதுலையுடன் கூடிய இரும்புக்குழாய் ஆலை ஒன்று உண்டு. அதே இராயலசீமையைச் சேர்ந்த தாடிபத்ரியில், கெர்தாவ் உருக்காலையில், 2018 ஜூலை 12ஆம் நாள் இந்த வாயு கசிந்து 6 தொழிலாளர் மாண்டனர். தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சென்று வாழும் பிலாயிலும் ரூர்கேலாவிலும் இத்தகைய துயரங்கள் நிகழ்ந்துள்ளன. 2014 ஜூன் 12 அன்று பிலாயில் அறுவர் இறந்தனர். 2021 ஜனவரி 6 அன்று ரூர்கேலாவில் ஒப்பந்தத் தொழிலாளர் நால்வர் நச்சுவாயுவுக்கு இரையாயினர்.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது? ஊதுலையின் மேல்வாய் வழியாக இரும்புக்கனியம், கல்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை இட்டு, கீழிருந்து சூடேற்றிய காற்றை ஊதுகின்றனர். கல்கரி எரிந்து கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. அதுவே கனியத்திலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு இரும்பைத் தனியே பிரித்துத் தருகிறது. ஆகவே, ஊதுலையைப் பொறுத்தவரை இது வேண்டாத கழிவன்று. வேலை செய்யும் பொருளே. உலையின் உச்சியில் வெளிவரும் வாயுவிலும் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இது எஞ்சியிருக்கிறது. அது எரியும் தன்மையுடையதாதலால், தூசு நீக்கிக் குழாய் வழியாகப் பிற பகுதிகளுக்கு எரிபொருளாக அனுப்புகின்றனர். உலைக்கு வெகு தொலைவில், நெருப்பே காணாத ஒரு மூலையில் வேலை செய்பவரையும் இந்நஞ்சு தீண்டுவது இவ்வாறுதான்.

நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செம்பொருள் பிராணவாயுவைச் சுமந்து உடலெங்கும் சேர்க்கிறது. கார்பன் மோனாக்ஸைடோ, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் அச்செம்பொருளைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு நடக்கும், உடல் பட்டினி கிடக்கும். முதலில் தலைவலி, பின்னர்க் குமட்டல், மயக்கம், கால் தளர்ச்சி. அதன்பின் தப்பியோட வேண்டும் என்னும் எண்ணமும் மங்கிவிடும். எட்டு மணி நேர வேலைக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த வரம்பு, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 50 பங்கு மட்டுமே. ஊதுலை வாயுவில் இருப்பதோ அதைப்போல் 4,000 மடங்கு. சிறு கசிவும் பேராபத்தாவது ஏன் என்பதை இக்கணக்கே விளக்கும்.

இங்கிலாந்து நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் வெடிவிபத்து நேர்ந்தபோதெல்லாம், வெடியின் தாக்குதலே உயிரைக் குடித்தது என்று மக்கள் கருதினர். ஹால்டேன் என்னும் அறிஞர் 1896இல் ஆராய்ந்து, இறந்தோரில் பெரும்பாலோரைக் கொன்றது வெடிக்குப்பின் பரவிய இந்த வாயுவே என்று காட்டினார். அவர் யோசனைப்படி கேனரி என்னும் சிறு பறவையைக் கூண்டிலிட்டுச் சுரங்கத்துக்குள் கொண்டுசென்றனர். மனிதன் உணருமுன் பறவை சோர்ந்து விழும், அதுவே எச்சரிக்கை. இன்று அப்பறவையின் இடத்தில், சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறு வாயுமானி இருக்கிறது. வாயுக்குழாய் உள்ள இடத்துக்குப் போகும் எவரும் இதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

மேலும் சில செய்திகளை மனத்திற் பதித்துக்கொள்வோமாக. தூசுமூடியோ ஈரத்துணியோ இவ்வாயுவைத் தடுக்காது. தனியே செல்லலாகாது. ஒருவர் சுருண்டு விழக் கண்டால், அன்பு மிகுதியால் அப்படியே உள்ளே பாய்வது, ஒரு சாவை இரண்டாக்குவதாகும். முதலில் கூக்குரலிட்டுப் பிறரை அழைக்க வேண்டும்; பிராணவாயுக் கலத்துடன் கூடிய சுவாசக் கருவியணிந்தவரே உள்ளே நுழைய வேண்டும். மீட்கப்பட்டவருக்குத் தூய பிராணவாயு அளித்தால், நான்கைந்து மணி நேரத்தில் பாதியளவு நீங்கும் நஞ்சு, ஒன்றரை மணி நேரத்துக்குள்ளாகவே அவ்வளவு நீங்கிவிடும். "தலைவலிதானே, சற்றுப் படுத்தால் சரியாகும்" என்று வீட்டுக்கு அனுப்புதல் பெரும் பிழை.

இவற்றையெல்லாம் ஆலைப் பலகைகள் கூறுகின்றனவே எனலாம். எந்த மொழியில் என்பதே கேள்வி. 1948ஆம் ஆண்டுச் சட்டம், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருட் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றது. பிலாயில் அது இந்தி, தாடிபத்ரியில் தெலுங்கு. சிறுபான்மையினராய் நிற்கும் தமிழ்த் தொழிலாளருக்கு அப்பலகை வெறும் வண்ணக்கோலமாகிவிடக்கூடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது சிறு குறையாகத் தோன்றவில்லை. புரியாத எச்சரிக்கை, இல்லாத எச்சரிக்கைக்கு ஒப்பானது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், தம் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பற்றிய செய்திகளை நிருவாகத்திடம் கேட்டறியும் உரிமையைத் தொழிலாளர்க்கு அளிக்கிறது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவது நம் கடமை. மொழி தெரியாதே என்று கூசி நிற்க வேண்டுவதில்லை. நாலெழுத்துக் கற்றவர், பலகையில் உள்ளதைத் தமிழில் எழுதி, புதிதாக வந்த தம்பிமாருக்குப் படித்துக் காட்டலாம். 'வாயு', 'ஆபத்து', 'வெளியே ஓடு' என்னும் மூன்றையும் உள்ளூர் மொழியில் முதல் நாளே கற்பிக்கலாம். தமிழ்ச் சங்கங்கள் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கினால், அது விழா எடுப்பதினும் குறைந்த தொண்டாகாது. ஊரிலே மணியார்டரை எதிர்நோக்கியிருக்கும் பெற்றோருக்கு, மகன் நலமாயிருக்கிறான் என்னும் கடிதமே பெருஞ்செல்வம் அன்றோ?