கடல் கடந்த புதுவை ஒளி

ஆன்மிகத்தையும் உளவியலையும் இணைத்துப் பட்டப்படிப்பாகப் பயில இயலுமா? அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் அதற்கு வழிவகுத்தவர், புதுவை மகான் ஸ்ரீ அரவிந்தரின் நெறியில் நின்ற வங்காளப் பேராசிரியர் ஹரிதாஸ் சௌதுரி. கீழைத் தத்துவம் கற்பிக்க 1951-இல் அங்குச் சென்ற அவர், 1968-இல் தம் துணைவியார் பீனாவுடன் ஒரு கல்விக்கூடத்தை நிறுவினார். அதுவே பின்னாளில் ‘கலிபோர்னியா இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்டெக்ரல் ஸ்டடீஸ்’ எனப் பெயர் பெற்றது.

‘நான்’ என்னும் எல்லையைக் கடந்த அனுபவங்களை ஆராயும் உளவியல், மனநல ஆலோசனை, பெண்களின் ஆன்மிகம் ஆகியவை அங்கு முதுநிலைப் பாடங்களாக வளர்ந்தன. தெய்வ வழிபாட்டில் பெண்கள் பேணிவந்த மரபுகளும் ஆய்வுப் பொருளாயின.

எனினும், தியானம் பயின்றதனால் மட்டும் ஒருவர் ஆலோசகராகிவிட முடியாது. நோயின் அறிகுறிகளை அறிதல், மூத்தோர் மேற்பார்வையில் பிறர் துயரைச் செவிமடுத்தல் ஆகிய பயிற்சிகளும் தேவை. பக்தியில் பெருகும் கண்ணீர் வேறு. மனச்சோர்வில் வடியும் கண்ணீர் வேறு. அவற்றைப் பகுத்தறிய அக்கல்வி உதவுகிறது.

இல்லத்தில் மகளோ மருமகளோ உறக்கமின்றி வாடினால், “கோயிலுக்குப் போய் வா, சரியாகிவிடும்” என்பதோடு நிறுத்திவிட வேண்டா. சந்நிதியில் விளக்கேற்றுவோம், மனநல மருத்துவரிடமும் உடன் அழைத்துச் செல்வோம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.