எழுபது இடங்களுக்குள் தமிழ்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் வானம் பார்த்த பூமியாகும். ஐப்பசியில் விதைத்த உளுந்தும் பாசியும் களத்திற்கு வரும் வேளையில் மழை பெய்துவிட்டால், உழவரின் உழைப்பு ஒரே இரவில் வீணாகும். 1901-ஆம் ஆண்டில் இவ்வூரில் நிறுவப்பெற்ற வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களுக்கான அறிவை வளர்த்து வந்துள்ளது. அவ்வறிவு காலத்தே உழவரைச் சென்றடைய உதவும் கருவிகளுள் ஒன்று கைபேசிக் குறுஞ்செய்தி. 2013-ஆம் ஆண்டில் நடுவணரசு தொடங்கிய எம்கிசான் திட்டமும் இந்நோக்கில் எழுந்ததே. ஆயினும் அச்செய்தி தமிழில் அமையும்போது ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. அதனை இங்குக் காண்போம்.

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 1120 பிட்டுகள் மட்டுமே. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 7 பிட்டுகளில் அடங்குவதால் 160 எழுத்துகளுக்கு இடமுண்டு. ஒருங்குறி முறையில் எழுதப்படும் தமிழுக்கோ ஒவ்வொரு குறிக்கும் 16 பிட்டுகள் வேண்டும். எனவே கிடைப்பவை 70 இடங்களே. அவ்விடங்களிலும் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. 'கோவில்பட்டி' என்னும் சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிபவை 6 எழுத்துகள். கைபேசி எண்ணுவதோ 11.

சான்றாக ஒரு செய்தியை நோக்குவோம்: 'நாளை கனமழை. அறுவடை செய்த உளுந்தை மூடி வையுங்கள். ஓடையைக் கடக்காதீர்கள்.' சொற்கள் ஒன்பதே. இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினால் 71 இடங்கள் வருகின்றன. இறுதி முற்றுப்புள்ளி ஒன்றினாலேயே இது இரு செய்திகளாகப் பிரிந்து, கட்டணமும் இரண்டாகக் கணக்கிடப்படும். ஆயிரக்கணக்கானோர்க்கு அனுப்பும் நிறுவனத்திற்கு இது சிறு செலவன்று. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியனுப்பும் வழக்கம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். ஆனால் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவருக்கு அந்தச் செய்தியால் பயன் யாது?

இத்தடையைக் கடக்க முயன்றோர் உண்டு. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' என்னும் மென்பொருள் 2005-ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. கைபேசிகளில் தமிழ் அரிதாயிருந்த அந்நாளில் தமிழிலேயே குறுஞ்செய்தி எழுதவும் படிக்கவும் அது வழிவகுத்தது. பின்னர்ப் பன்னாட்டுத் தரத்தில் தமிழுக்கெனத் தனி எழுத்து அட்டவணையும் சேர்க்கப்பட்டது. அதன்படி ஒரு செய்தியில் 150-க்கும் மேற்பட்ட குறிகளை அடக்கலாம். எனினும் அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் அவ்வட்டவணையை அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் அது பரவலாகவில்லை.

சிறப்பு வகைச் செய்திகளும் உள. பெட்டியைத் திறவாமலே திரையில் உடனே தோன்றுவது ஒரு வகை. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் கைபேசிகள் அனைத்திற்கும், எவருடைய எண்ணையும் அறியாமலே, ஒரே நேரத்தில் பரப்பப்படுவது மற்றொரு வகை. பேரிடர் எச்சரிக்கைக்கான இப்பரப்பு முறை 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் கண்ட பெருவெள்ளத்தை நினைப்போர், உரிய நேரத்தில் புரியும் மொழியில் வரும் ஒரு வரியின் அருமையை உணர்வர்.

இணையவழிச் செய்திகளுக்கு இன்று இத்தகைய நெருக்கடி இல்லை என்பது உண்மையே. ஆனால் இணையமில்லாத எளிய கைபேசியை எட்டுவது இன்றும் குறுஞ்செய்திதான். பொறியாளர் இடத்தைப் பெருக்கட்டும். இருக்கும் இடத்திற்குள் பொருள் சிதையாமல் எழுதிக் கொடுப்பது தமிழ் பயின்றோர் கடமையாகும். மேற்கண்ட செய்தியில் 'செய்த' என்னும் சொல்லை நீக்கி 'அறுவடை உளுந்தை' என்றாலே, முற்றுப்புள்ளியும் நிற்கும். ஒரே செய்தியாகவும் அமையும். ஏழு சீரில் அறம் உரைத்த மொழிக்கு எழுபது இடம் போதாதென்று ஒதுங்குதல் தகுமோ? தமிழ் மாணவர்கள் இப்பயிற்சியை மேற்கொள்வார்களாயின், கரிசல் காட்டு உழவருக்கு அது பேருதவியாக அமையும்.