வகுப்பறையில் பிறந்து விண்கலம் ஏறிய ஸ்பார்க்

1995-இல் வெளியான 'டாய் ஸ்டோரி' முழுக்க முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளத் திரைப்படம். அதன் காட்சிகளை ஒவ்வொரு சட்டமாகத் தீட்டித் தந்தவை 117 ஸ்பார்க்ஸ்டேஷன் கணினிகள். அவற்றைச் செய்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இன்று இல்லை. ஆனால் அவற்றின் சிப்புகள் பேசிய ஸ்பார்க் என்ற கட்டளை மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது. அது எப்படிப் பிழைத்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

சன் 1982-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. பொறியாளர்களின் மேசைக்கான ஒர்க்ஸ்டேஷன்தான் அதன் சரக்கு. முதல் மூன்று தலைமுறைக் கணினிகளுக்கும் மூளையாக இருந்தது மோட்டரோலா சிப். அதே காலத்தில், பக்கத்தில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டேவிட் பாட்டர்சனும் மாணவர்களும் வகுப்புப் பாடமாகவே ஒரு சிப்பை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டளைகள் குறைவாகவும் எளிதாகவும் இருந்தால் சிப் வேகமாக ஓடும் என்பது அவர்கள் கருத்து. அதற்கு 'ரிஸ்க்' என்று பெயரிட்டார்கள். அதை அடியொற்றி சன் எழுதியதே ஸ்பார்க். 1987-இல் ஜப்பானின் ஃபுஜிட்சு வார்த்த சிப்போடு சன்-4 கணினி வெளிவந்தது.

பெர்க்லியிலிருந்து வந்த யோசனைகளில் அழகானது பதிவகச் சாளரம். பதிவகம் என்பது சிப்புக்குள்ளேயே எண்களை வைத்துக்கொள்ளும் சிற்றறை. ஒரு நிரல்பகுதி இன்னொன்றை அழைக்கும்போது, கையில் இருக்கும் எண்களை நினைவகத்தில் இறக்கிவைத்துவிட்டுப் பிறகு மீண்டும் எடுக்க வேண்டும். அதில் நேரம் போகும். ஸ்பார்க்கில் மேசைகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேசைகள் இரண்டுக்கும் நடுவே எட்டு அறைகள் பொது. நான் அதில் வைப்பது, எடுத்துக் கொடுக்காமலே அடுத்தவர் கைக்கு எட்டிவிடும். அழைப்புகள் ஆழமாகப் போய் மேசைகள் தீர்ந்தால் மட்டும் பழையபடி நினைவகத்துக்கு ஓட வேண்டும். இது சிப்பில் நிறைய இடம் பிடித்தது. மற்ற ரிஸ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வரவில்லை.

சன் செய்த பெரிய காரியம் என்று நான் கருதுவது வேறு. 1989-இல் ஸ்பார்க்கை ஸ்பார்க் இன்டர்நேஷனல் என்ற தனி அமைப்பிடம் ஒப்படைத்தது. யார் வேண்டுமானாலும் அதைப் பின்பற்றிச் சிப் செய்யலாம் என்றாயிற்று. 1994-இல் ஸ்பார்க்கின் எட்டாம் பதிப்பு, பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-யின் தரமாகவும் ஆனது.

1995-இல் 64 பிட் அல்ட்ராஸ்பார்க் வந்தது. இணையம் பெருகிய அந்த ஆண்டுகளில் சர்வர் என்றாலே சன் என்ற நிலை இருந்தது. பிறகு இன்டெல் வகைச் சிப்பும் லினக்ஸும் சேர்ந்து அதே வேலையைச் சொற்ப விலையில் செய்யத் தொடங்கின. சன் விட்டுவிடவில்லை. 2005-இல் வந்த 'நயாகரா' சிப்பில் எட்டு கருக்கள் (கணக்கிடும் பகுதிகள்), ஒவ்வொன்றிலும் நான்கு இழைகள் (நிரல் ஓட்டங்கள்). ஒரு இழை நினைவகத்துக்காகக் காத்திருக்கும்போது கரு அடுத்த இழையைக் கவனிக்கும். ஒரே ஆள் நான்கு அடுப்பைப் பார்ப்பது போல. காத்திருப்பே மிகுந்த சர்வர் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் அன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மறு ஆண்டே அந்தச் சிப்பின் வடிவமைப்பையும் சன் பொதுவில் வைத்தது. ஆனாலும் வியாபாரம் மீளவில்லை. 2010-இல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியது. 2017-இல் வந்த எம்8 சிப்புக்குப் பின் அங்கே புதிய ஸ்பார்க் வரவில்லை.

ஆனால் ஸ்பார்க்கின் விதிமுறை எல்லோருக்கும் திறந்திருந்ததால் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 2011-இல் உலகின் வேகமான கணினியாக நின்ற ஜப்பானின் 'கே' ஃபுஜிட்சுவின் ஸ்பார்க் சிப்புகளால் ஆனது. ஐரோப்பிய விண்வெளி முகமை, கதிர்வீச்சைத் தாங்கும் லியான் செயலியை அந்த எட்டாம் பதிப்பின்படியே உருவாக்கித் தன் விண்கலங்களில் ஏற்றியது. 2025 மார்ச்சில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் குறைகடத்தி ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய 'கல்பனா 3201' செயலி இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் கட்டளை மொழியும் ஸ்பார்க் எட்டாம் பதிப்புதான்.